ஹாங்கரில் ஏறிய மூவாயிரம் அடி

காது அடைக்கிறதா சார்? எச்சிலை விழுங்கிப் பாருங்கள். ஒரு தடவை போதாது, இரண்டு மூன்று தடவை. கல்லாறு தாண்டி பஸ் வளைவு ஏற ஆரம்பித்ததும் எனக்கும் அடைத்தது. மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வாரா வாரம் குன்னூருக்கு வருகிறேன் என்கிறீர்கள். காதுக்கு அதெல்லாம் கணக்கில்லை. வெளியே காற்று குறைந்தால் அதற்குக் குறைந்ததுதான்.

முன் சீட்டு அம்மாவின் கூடையில் சிப்ஸ் பாக்கெட் தெரிகிறது பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் ஏறும்போது தொளதொளவென்று கிடந்தது. இப்போது காற்றடித்த பந்து மாதிரி உப்பியிருக்கிறது. உள்ளே ஒன்றும் கூடவில்லை சார். வெளியே குறைந்திருக்கிறது. முப்பத்து நான்கு வருஷமாக நான் சம்பளம் வாங்குவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

இல்லை, நான் விமானி இல்லை. என்னைப் பார்த்தால் அப்படித் தெரியாது என்று எனக்கே தெரியும். பெங்களூரில் ஒரு விமானத் தொழிற்சாலை, பெயர் வேண்டாம். புது விமானம் ஒன்றைக் கட்டினால் அது அதிகபட்சம் எவ்வளவு வேகம் போகும் என்று பறந்து பார்க்க வேண்டும். பறந்து பார்ப்பவர் விமானி. அவர் கொண்டுவருகிற எண்ணை உண்மையான எண்ணாக மாற்றுகிறவன் நான். ஆமாம், மாற்றத்தான் வேண்டும். மீட்டர் காட்டுவது உண்மையான வேகம் இல்லை.

நீங்கள் பைக்கில் போகும்போது உள்ளங்கையை விரித்து நீட்டினால் காற்று தள்ளும். வேகம் கூடினால் தள்ளுவதும் கூடும். விமானத்தின் வேக மீட்டர் செய்வது அதைத்தான். இறக்கையில் ஒரு சின்னக் குழாய், எதிர்க்காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்து முள்ளை நகர்த்துகிறது. தரைக்குப் பக்கத்தில் அது சரியாக இருக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, அதே வேகத்தில் போனாலும் குறைவாகத்தான் தள்ளுகிறது, முள்ளும் குறைத்துக் காட்டுகிறது. பத்தாயிரம் அடியில் முள் இருநூறு நாட் காட்டினால் விமானம் நிஜத்தில் இருநூற்று முப்பத்து மூன்றில் போய்க்கொண்டிருக்கும். நாட் என்பது எங்கள் மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த உயரத்தில் என்று தெரியாமல் வேகம் என்று ஒன்று கிடையாது சார். உயரத்தில் மூவாயிரம் அடி பிசகினால் வேகத்தில் பத்து நாட் பிசகும். கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இல்லாமலே பிசகும்.

என் கணக்கில் தப்பில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

குன்னூரில் ஒருவரைப் பார்க்கப் போகிறேன். விங் கமாண்டர் தேவசகாயம். மார்த்தாண்டத்துக்காரர், வயது இப்போது எழுபத்திரண்டு. தொண்ணூற்றொன்பதில் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் தொழிற்சாலைக்குச் சோதனை விமானியாக வந்தார். ஒரு வருஷ ஒப்பந்தம், சரியாகச் செய்தால் நிரந்தரம். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு, கம்பெனி குவார்ட்டர்ஸில் வந்து இறங்கினார். அதற்கு முன்னால் பத்து வருஷம் பயிற்சிப் பள்ளியில் இருந்தவர். இருநூறு பையன்களுக்காவது பறக்கக் கற்றுக் கொடுத்திருப்பார் என்று சொல்வார்கள்.

அப்போது நாங்கள் ஒரு பயிற்சி விமானம் கட்டியிருந்தோம். இரண்டு பேர் உட்காரலாம். வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள்: பத்தாயிரம் அடியில் குறைந்தது இருநூற்று முப்பது நாட் போக வேண்டும். போகாவிட்டால் விமானம் வேண்டாம். தேவசகாயம் அதைப் பறந்து பார்க்கப் போனார். எண்களைத் தானாகப் பதிந்துகொள்கிற பெட்டி அன்று பழுது. விமானியின் தொடையில் ஒரு கார்டைக் கட்டிவிடுவோம், அதில் பென்சிலால் எழுதிக்கொண்டு வருவார். முழு விசை கொடுத்து, உயரம் மாறாமல், முள் அசையாமல் நிற்கும்வரை மூன்று நிமிஷம் ஒரே நேராகப் போக வேண்டும். அப்படி நான்கு ஓட்டம். நான்கிலும் நூற்று எண்பத்தேழு, நூற்று எண்பத்தாறு என்று எழுதியிருந்தார். பத்தாயிரம் அடிக்குப் போட்டேன். இருநூற்றுப் பதினேழு வந்தது.

அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தார். "என்ன சிவசைலம், முகம் ஒரு மாதிரி இருக்கு? விமானத்துக்குக் காய்ச்சலா?"

"பதிமூணு நாட் குறையுது சார்."

"குறையாதே. அதுக்குள்ள நான்தானே உக்காந்திருந்தேன். நல்லா ஓடுது. பேப்பரைத் திரும்பப் பாருங்க."

"பேப்பர்ல தப்பில்ல சார்."

"அப்ப ஒரு நாள் பேப்பரை ஓட்டச் சொல்லுங்க. நான் இங்க உக்காந்து பாக்கறேன்."

செக்‌ஷனில் எல்லோரும் சிரித்தார்கள். டைப்பிஸ்ட் வசுந்தரா கூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபமெல்லாம் இல்லை சார். இருபத்தாறு வருஷம் கழித்து வார்த்தைக்கு வார்த்தை சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். எனக்கு ஞாபக சக்தி அப்படி.

மறுநாள் காலை எங்கள் தலைமை எஞ்சினியர் ஹெக்டேயின் அறையில் பேசினோம். நான் கணக்கைக் காட்டினேன். தேவசகாயம் கொஞ்சம் குழம்பிவிட்டார். மீட்டரில் என்ன வைத்தோம், என்ன பார்த்தோம் என்று அவருக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. சரி, வேறு விமானியை விட்டுப் பார்ப்போம் என்றார் ஹெக்டே. ஒரு வாரம் கழித்து சந்தோக் என்று ஒரு பழைய விமானி அதே விமானத்தை எடுத்துக்கொண்டு போனார். இருநூற்று முப்பத்தொன்று. விமானம் தேறிவிட்டது, கேக் வெட்டினோம். தேவசகாயத்தின் ஒப்பந்தம் அதோடு முடிந்தது. அவர் கோப்பில் ஒரு வரி: 'விமானியால் உயரத்தையும் வேகத்தையும் நிலையாக வைத்திருக்க முடியவில்லை.' சொன்னவர் ஹெக்டே. எழுதியவன் நான். சொன்னதைத்தான் எழுதினேன்.

ஒரே விமானம், ஒருவர் ஓட்டினால் பதினேழு, இன்னொருவர் ஓட்டினால் முப்பத்தொன்று, எப்படி என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அன்றைக்கு அந்த அறையில் யாரும் அதை இவ்வளவு நேராகக் கேட்கவில்லை.

உயரத்தைக் காட்டுகிற மீட்டரும் உயரத்தை அளப்பதில்லை சார். அதுவும் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் பார்க்கிறது. அழுத்தம் குறைந்தால், இவ்வளவு அடி ஏறியிருக்கிறோம் என்று காட்டும். எங்கிருந்து எண்ணுவது? அதற்கு ஒரு சின்னத் திருகு இருக்கிறது, பக்கத்தில் கடுகளவு கண்ணாடி ஜன்னலில் ஓர் எண். ஆயிரத்துப் பதிமூன்று என்று வைத்தால் கடல் மட்டத்திலிருந்து எண்ணும். சோதனைக்கு எப்போதும் அப்படித்தான் வைக்க வேண்டும், அது எங்கள் இடத்துப் பழக்கம். அப்படி வைத்தால் பெங்களூரில் ஓடுபாதையில் நிற்கும்போதே மூவாயிரம் அடி காட்டும், ஊரே அந்த உயரத்தில்தானே இருக்கிறது. பயிற்சிப் பள்ளிகளில் வேறு மாதிரி. ஓடுபாதையின் அழுத்தத்தை வைத்துக்கொள்வார்கள். தரையில் பூஜ்யம் காட்டும். கற்றுக்கொள்கிற பையனுக்குத் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

தேவசகாயம் பத்து வருஷப் பழக்கத்தில் பூஜ்யம் வைத்துக்கொண்டு ஏறிவிட்டார். மீட்டர் பத்தாயிரம் காட்டியது. நிஜத்தில் பதின்மூவாயிரத்தில் இருந்தார். நான் பத்தாயிரத்துக்குக் கணக்குப் போட்டேன். பதின்மூவாயிரத்துக்குப் போட்டால் அதே நூற்று எண்பத்தேழு இருநூற்று இருபத்தெட்டாகிறது. அந்த உயரத்தில் எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், அதற்கு ஒரு மூன்று நாட் கூட்ட வேண்டும். இருநூற்று முப்பத்தொன்று. சந்தோக் கொண்டுவந்த அதே எண். தேவசகாயம் எழுதிக் கொடுத்த எண்ணில் அரை நாட் கூடப் பிழை இல்லை சார். நான்கு ஓட்டமும் நூல் பிடித்த மாதிரி ஓட்டியிருந்தார்.

எனக்கு எப்போது தெரிந்தது என்றா? சந்தோக் பறந்த பிறகுதான். அதற்குள் முடிவெடுத்துவிட்டார்கள்.

பர்லியாறு வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்கும். வாருங்கள், டீ சாப்பிடலாம்.

இந்த இடம் ஏறக்குறைய பெங்களூர் உயரம் தெரியுமா? இங்கே ஒருவர் பூஜ்யம் என்று வைத்தால் இங்கே பூஜ்யம்தான். அவர் பார்வையில் அதில் தப்பே கிடையாது.

ஏறுங்கள், ஏறுங்கள், கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். எனக்கு இந்தப் பள்ளத்தைப் பார்த்தால் தலை சுற்றும். விமானத் தொழிற்சாலையில் இருந்துகொண்டு இப்படி என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

டீ குடிக்கும்போது யோசித்துக்கொண்டே இருந்தேன். உங்களிடம் ஒன்றைச் சரியாகச் சொல்லவில்லை. சந்தோக் பறந்த பிறகுதான் தெரிந்தது என்றேன் இல்லையா? ஹெக்டேயிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், அவர் கேட்டிருந்தால். அவர் கேட்கவேயில்லை. என் மனைவியிடம் அப்படித்தான் சொன்னேன். பல தடவை சொல்லிச் சொல்லி எனக்கே அது வழவழவென்று ஆகிவிட்டது.

கார்டில் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் உண்டு. தேவசகாயம் நான்கு டிகிரி என்று எழுதியிருந்தார். வானிலைக்காரர்கள் அன்று காலை பலூன் விட்டுப் பார்த்திருந்தார்கள், அவர்கள் தாளில் பத்தாயிரம் அடிக்குப் பத்து டிகிரி. மேலே போனால் குளிரும். ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி, இது எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்தவனுக்கும் தெரியும். ஆறு டிகிரி என்றால் எத்தனை ஆயிரம்? நீங்கள் விரல் விடுகிறீர்கள் பாருங்கள். நான் விரல்கூட விடவில்லை. அன்று சாயங்காலமே, அந்த நான்கைப் பார்த்த உடனே, புரிந்துவிட்டது. சிவப்புப் பென்சிலால் நான்கை அடித்துப் பத்து என்று எழுதினேன். ஓரத்தில் 'வெப்பமானி சந்தேகம்' என்று எழுதினேன். அது இன்றைக்கும் இருக்கிறது.

ஏன் என்று கேளுங்கள். பேப்பரை ஓட்டச் சொன்னாரே, அதற்காகவா? இல்லை சார். இருக்கலாம், கொஞ்சம். ஆனால் முக்கியம் அது இல்லை. அதற்கு மூன்று மாசம் முன்னால் அந்தக் கார்டைத் திருத்தி அமைத்தவன் நான். பழைய கார்டு நீளமாக இருந்தது, தொடையில் மடிந்துகொண்டு தொந்தரவு கொடுத்தது. நான் உட்கார்ந்து வேண்டாத வரிகளையெல்லாம் எடுத்தேன். உயர மீட்டரில் எந்த எண்ணை வைத்தீர்கள் என்று ஒரு வரி இருந்தது. எல்லோரும் ஒவ்வொரு தடவையும் ஆயிரத்துப் பதிமூன்று, ஆயிரத்துப் பதிமூன்று என்றே நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மாறாத ஒன்றை எதற்கு எழுதுவது? எடுத்துவிட்டேன். கார்டு உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. ஹெக்டே என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். செக்‌ஷன் தலைவர் பதவிக்குப் பெயர்கள் போய்க்கொண்டிருந்த நேரம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சும்மா சொல்கிறேன்.

அந்த வரி இருந்திருந்தால் தேவசகாயம் தான் வைத்த எண்ணை, அன்றைய ஓடுபாதை அழுத்தத்தை, நிரப்பியிருப்பார். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. பார்த்த மாத்திரத்தில் நான் மூவாயிரம் அடியைக் கூட்டியிருப்பேன். இரண்டு நிமிஷ வேலை. புதிதாக வந்தவர், எங்கள் பழக்கத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது கார்டு. அதன் வாயை நான் அடைத்துவிட்டேன்.

போன மாசம் ஒரு போன் வந்தது. பெண் குரல். "சிவசைலம் தம்பியா? நான் ஸ்டெல்லா பேசுதேன். தேவசகாயம் சார் வீட்டம்மா."

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

"அவருக்கு மூணு வருஷமா கை நடுங்குது தம்பி. கோயம்புத்தூர்ல பெரிய டாக்டரைப் பாக்குதோம். எப்ப ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் கேட்டாரு. இவரு தொண்ணூத்தொம்பதுன்னு சொல்லுதாரு. டாக்டர் சிரிக்காரு, அப்படி இருக்காதுங்காரு. இவரு விட்டாத்தானே. அன்னைக்கு விமானத்தை நேரா வைக்க முடியல, என்ன வச்சேங்கறதும் மறந்து போச்சு, அதுதான் ஆரம்பம்னு அடிச்சுச் சொல்லுதாரு. அந்தத் தாளைக் காட்டினா டாக்டர் நம்புவாராம். ஒரு நகல் கிடைக்குமா தம்பி?"

கிடைக்கும் என்றேன். அதைத் தவிர என்ன சொல்ல?

"அதுக்கப்புறம் இவரு காரே ஓட்டல பாத்துக்கிடுங்க. இந்த மலையில இருபத்தஞ்சு வருஷமா நான்தான் ஓட்டுதேன். ஸ்கூல்ல ஹாஸ்டல் வார்டனா இருந்தாரே, அப்பவும் பிள்ளைகளை வேன்ல கூட்டிட்டுப் போகச் சொன்னா மாட்டேன்னுருவாரு. என் கையை நம்பக் கூடாதும்பாரு."

பிறகு அவர் பேசினார். குரல் அப்படியே இருக்கிறது சார். "சிவசைலம், நல்லா இருக்கீங்களா? அன்னைக்குக் கேலி பண்ணினேன். உங்க பேப்பர்தான் ஒழுங்கா ஓட்டிச்சு. நான்தான் ஓட்டல." சொல்லிவிட்டுச் சிரித்தார். வஞ்சகமே இல்லாத சிரிப்பு.

உங்கள் பையில் நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறது என்றீர்களே, அதைச் சாப்பிட்டால் நிற்குமா? குறையும். நிற்காது. சரி.

எங்கள் இடத்தில் ஒரு விதி உண்டு. இருபத்தைந்து வருஷம் தாண்டிய சோதனைத் தாள்களை அழித்துவிடலாம். தொண்ணூற்றொன்பதின் பட்டியல் இந்த மாசம்தான் வந்தது. அதில் கையெழுத்துப் போட வேண்டிய செக்‌ஷன் தலைவர் நான். ஆமாம், அந்தப் பதவி எனக்குத்தான் வந்தது. ஒரு கையெழுத்து, அப்புறம் அந்தக் கார்டு கூழாகிவிடும். அம்மாவுக்குப் போன் பண்ணி, மன்னிக்கணும், தாள்களையெல்லாம் அழித்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். இரண்டு நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். மூன்றாவது நாள் கார்டை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு மீதிக்குக் கையெழுத்துப் போட்டேன். அவர் நகல் கேட்டார். நான் அசலையே எடுத்து வந்திருக்கிறேன். இதோ, இந்தக் கவரில்.

என்னவோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் யோசித்துப் பாருங்கள், விஷயம் தெரியாதவர் கையில் இந்தக் கார்டு என்ன சொல்லும்? நான்கு ஓட்டம், பதின்மூன்று நாட் குறைவு. அவர் நினைப்பதைத்தான் சொல்லும். டாக்டர் கையில் போனால் அவரும் நம்பிவிடுவார். இதை வெறுமனே கொடுத்துவிட்டு வந்தால் கோப்பில் எழுதிய அந்த வரியை நான் இரண்டாவது தடவை எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

காட்டேரி தாண்டிவிட்டோமா? இன்னும் கொஞ்ச தூரம்தான்.

சார், இன்னொன்று இருக்கிறது. இதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. நீங்கள் முன்பின் தெரியாதவர், அதனால் வாய் வருகிறது.

வெப்பநிலையை அடித்து எழுதிவிட்டு அன்று நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே, விமானத்தை நிறுத்தியிருந்த ஹாங்கருக்குப் போனேன். காவலாளி பூட்டைத் திறந்துவிட்டான், என்னை எல்லோருக்கும் தெரியும். விமானத்தில் ஏறி விமானியின் இருக்கையில் உட்கார்ந்தேன். உயர மீட்டர் என் முகத்துக்கு நேரே. முள் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. அந்தக் கடுகு ஜன்னலில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. அவர் வைத்தது வைத்தபடி. பறந்து வந்த பிறகு யாரும் தொடவில்லை.

அதை உறுதி செய்துகொள்ளத்தான் போனேன் சார். சத்தியமாக. பார்த்துவிட்டு இறங்கி, ஹெக்டேயிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். கை தானாகத் திருகுக்குப் போனது. இரண்டு விரல். திருகத் திருக முள் ஏறியது, ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம். ஆயிரத்துப் பதிமூன்று வந்ததும் நிறுத்தினேன். ஹாங்கரில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தியிருந்த விமானம் என் இரண்டு விரலில் மூவாயிரம் அடி ஏறி நின்றது. அதற்கு ஒரு சத்தமும் இல்லை.

ஒன்பதரைக்கு ஹெக்டேயின் அறை. தேவசகாயம் குழம்பிவிட்டார் என்று சொன்னேன் அல்லவா? அவர் குழம்பவில்லை. தெளிவாகத்தான் ஆரம்பித்தார். "ராத்திரி யோசிச்சேன் சார். நான் தரையில பூஜ்யம் வச்சுட்டு ஏறியிருக்கேன். பள்ளிக்கூடத்துப் பழக்கம். அதுதான் வித்தியாசமா இருக்கும்." அவரே கண்டுபிடித்துவிட்டார் சார். ஒரே இரவில். அங்கேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டியது.

ஹெக்டே என் பக்கம் திரும்பினார். "மீட்டர் இப்ப எதுல இருக்கு?"

"ஆயிரத்துப் பதிமூணுல சார். காலையில நானே போய்ப் பார்த்தேன்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. அதில்தான் இருந்தது. நானே போய்ப் பார்த்தேன்.

"நேத்து இறங்கினதுக்கு அப்புறம் யாராவது விமானத்தைத் தொட்டாங்களா?"

"ஹாங்கர் பூட்டியிருந்தது சார்."

தேவசகாயம் என்னைப் பார்த்தார். என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன், சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் சந்தேகப்படவேயில்லை. "அப்படியா?" என்றார். "ஆயிரத்துப் பதிமூணா? பூஜ்யம் வச்ச மாதிரி இருந்துதே." பிறகு தலையைக் குனிந்து மடியில் இருந்த தன் வலது கையைப் பார்த்தார். அது வேறு யாருடைய கையோ என்கிற மாதிரி. ஹெக்டே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதை வைத்தோம் என்றே தெரியாத விமானியிடம் யார் சார் விமானத்தைக் கொடுப்பார்கள்?

அப்படிக் கையைப் பார்த்த அந்த நாள்தான் தன் நோய் ஆரம்பித்த நாள் என்று அந்தப் பெரிய டாக்டரிடம் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நல்லது. நீங்கள் திட்டினால் நான் பதில் சொல்லத் தயாராக இருப்பேன், எனக்கு அது பழகிவிட்டது. ஒருவரால் எட்டு மணி நேரம் வேலையும் பார்த்துக்கொண்டு, மகளுக்குக் கல்யாணமும் செய்து, அடிமனசில் இதையும் வைத்துக்கொண்டு இருக்க முடிகிறது. முடியக் கூடாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தானாக வெடிக்கும் என்று. வெடிக்கவேயில்லை சார். நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

ஒரு பக்கம் தோன்றுகிறது, எழுபத்திரண்டு வயசில் இதைச் சொல்லி அவருக்கு என்ன ஆகப் போகிறது? கை நடுங்குவது நடுங்கத்தான் போகிறது. நிம்மதியாக ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். அதையும் பிடுங்குவதா? அந்த அம்மா எப்படித் தாங்குவார்? இப்படி நான் அவர்களுக்காகக் கவலைப்படும்போதெல்லாம் எனக்கே என்மேல் சந்தேகம் வருகிறது.

குன்னூர் பஸ் ஸ்டாண்டு. நீங்கள் இறங்க வேண்டும். நான் ஊட்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஆமாம், குன்னூருக்குத்தான் வந்தேன், கண்டக்டர் கேட்டபோது வாயில் ஊட்டி என்று வந்துவிட்டது. திருத்திக்கொள்ளவில்லை.

அதோ பாருங்கள், டிக்கெட் கவுண்டர் பக்கம், சாம்பல் நிற ஸ்வெட்டர், நெட்டையாக. அவர்தான். வீட்டில் இருங்கள், நானே வந்துவிடுகிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன். பக்கத்தில் கார்ச் சாவியோடு நிற்கிறாரே, அவர் ஸ்டெல்லா அம்மா.

சார், ஓர் உதவி. இந்தக் கவரை அவரிடம் கொடுத்துவிடுகிறீர்களா? சிவசைலத்துக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை, வர முடியவில்லை என்று சொல்லுங்கள். பிறகு மெதுவாக மற்றதையும் சொல்லிவிடுங்கள். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறேன். மருந்து மாத்திரை விவரமெல்லாம் டாக்டர்களிடம் அழகாக எடுத்துச் சொல்கிறவர் நீங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். பிடியுங்கள்.

பிடியுங்கள் சார்.

ஏன் கையை நீட்ட மாட்டேன் என்கிறீர்கள்? எழுந்துவிட்டீர்கள், ஆனால் இறங்கவும் இல்லை. வழியை மறித்துக்கொண்டு நின்றால் பின்னால் இருக்கிறவர்கள் சத்தம் போடுவார்கள். எனக்காகவா நிற்கிறீர்கள்?

அவர் இந்த ஜன்னலைப் பார்க்கிறார். வலது கை மேலே வருகிறது. என்னைக் கண்டுகொண்டு கையசைக்கிறாரா, அல்லது அது அந்த நடுக்கமா, இங்கிருந்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போனால் முதலில் என்ன சொல்வது? எங்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது என்று ஆரம்பிக்கலாமா? அது வேண்டாமா? கார்டில் ஒரு வரி குறைந்துவிட்டது என்று? தலையை ஆட்டுகிறீர்கள். அதுவும் வேண்டாம். அப்படியென்றால் ஒன்றுதான் பாக்கி. 'பூஜ்யம்தான் சார். நீங்க வச்சது பூஜ்யம்தான், உங்களுக்குச் சரியாத்தான் ஞாபகம் இருந்தது.' அவ்வளவு சொன்னால் போதும், அவர் உடனே கேட்பார், அப்புறம் எப்படி ஆயிரத்துப் பதிமூணு ஆச்சு என்று. மனுஷன் ஒரே இரவில் கண்டுபிடித்தவர். கட்டாயம் கேட்பார்.

கேட்கட்டும். கொஞ்சம் நகருங்கள் சார், நானும் இறங்க வேண்டும்.